பதினோராவது ஓட்டை

உள்ளங்கையில் ஒட்டிக்கொண்ட துப்பாக்கி எண்ணெய் மணம்... சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினாலும் போகாது. வீட்டுக்குப் போகும் வழியில் ஆமிக்காரர் சோதிக்கிற சென்றியைக் கடக்க வேண்டும். அதனால் தேசிக்காய்த் தோலும் போட்டுத் தேய்ப்போம்.

யுத்த காலத்துத் திருகோணமலை. துவக்கு என்ற சொல்லையே வீட்டுக்காரர் வாயில் எடுக்கமாட்டார்கள். அந்த ஊரில், பள்ளிக்கூட மண்டபத்தில், பெண்பிள்ளைகள் நாங்கள் எயார் ரைபிள் பழகினோம் என்றால் இன்றைக்குச் சிலர் நம்பமாட்டார்கள். இருந்தது இரண்டே ரைபிள். இரண்டும் பொலிஸில்தான் இருக்கும். பயிற்சி நாளில் மாஸ்டர் கையெழுத்து வைத்து எடுத்து வருவார், ஐந்து மணிக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

எங்களுக்குள் கெட்டிக்காரி சுகந்தி. கப்பல்துறைக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். எனக்கு மூச்சை அடக்கச் சொன்னால் சிரிப்பு வரும். அவளோ குறி சரிவரவில்லை என்றால் ரைபிளைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். பக்கத்தில் குண்டு வெடித்தாலும் அவசரப்படமாட்டாள் போல. அவளைப் பார்த்துத்தான் நான் சோதனையில் கணக்கை இரண்டாம் தரம் சரிபார்க்கப் பழகினேன்.

கண்டியில் போட்டி வந்தது. எங்களுக்கு ஒரே ஒரு இடம். கடைசியில் மிஞ்சியது நானும் அவளும். அவளுடைய அம்மா முதலே சொல்லிவிட்டார்.

"இந்த முறை எடுபட்டாப் போ. இல்லாட்டி இதோட விட்டிடு பிள்ளை. நீ வந்து சேருமட்டும் வழி பாத்துக்கொண்டிருக்க என்னாலை ஏலாது."

ஆளுக்குப் பத்துத் தரம் சுட வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் நின்று சுட்டோம். மாஸ்டர் முதலில் என் அட்டையைக் கழற்றி எண்ணினார்.

பதினொரு ஓட்டை!

"நீர் ஒண்டு கூடச் சுட்டிட்டீர். சட்டப்படி திறமான ஓட்டையின்ரை புள்ளியை வெட்டோணும்."

"இல்லை சேர், சத்தியமாப் பத்துத்தான் சுட்டனான்."

அட்டையை வாங்கி இரண்டாம் தரமும் எண்ணிப் பார்த்தேன்.

சுகந்தி கை தூக்கினாள். "சேர், அதிலை ஒண்டு என்ரை. தவறி அவளின்ரை அட்டையிலை அடிச்சிட்டன்."

"தெரிஞ்சுதான் சொல்லுறீரோ? உமக்கு அதுக்குச் சைபர்தான்."

"ஓம் சேர். தெரியும்."

அவளுடைய அட்டையை அதுவரை ஒருவரும் எண்ணவில்லை. குண்டுகள் ஒரே இடத்தில் பட்டு நடுவில் கிழிந்துபோய் இருந்தது. ஒன்று குறைந்தாலும், இரண்டு ஒரே ஓட்டையால் போனது என்றுதான் மாஸ்டர் எடுத்திருப்பார். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் கண்டி அவளுக்குத்தான்.

நான் தெரிவானேன். அடுத்த கிழமையிலிருந்து அவள் பயிற்சிக்கு வரவில்லை.

இப்போது என் மகள் பழகும் இடத்தில் எல்லாம் கம்ப்யூட்டர். யார் எங்கே சுட்டார் என்று ஸ்கிரீனே சொல்லிவிடுகிறது. நல்ல வசதிதான். ஆனால் அங்கே ஒருவருக்கும் கை தூக்க வேண்டிய தேவை இல்லை...

போன மாதம் சுகந்தியோடு போனில் கதைத்தேன்.

"அது சரி, கண்டியிலை நீ எத்தினையாவதா வந்தனி? ஒரு நாளும் சொல்லேல்லையே!"

கடைசிக்கு முதல் என்றேன்.

"அடி கோதாரி! இதுக்காடி நான் கை தூக்கினனான்?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். இத்தனை வருசத்தில் அவளுக்கு ஒரு நன்றி சொன்னதில்லை. அன்றைக்கும் வாய் வரவில்லை.

அவள் எல்லாருக்கும் முன்னால்தான் கை தூக்கினாள். நானும் எல்லாருக்கும் முன்னால் சொல்கிறேன்.

நன்றியடி, சுகந்தி.