எட்டடிக் கயிறு

என் வாழ்க்கையில் ஏழு வருடங்களைக் கோரைப்புல்லுக்குக் கொடுத்தேன். அது கேட்கவில்லை. நானாகத்தான் கொடுத்தேன்.

கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கக் கிளம்பியவள் நான். இரண்டு செடிகள் ஒரே நிலத்துக்குப் போட்டி போட்டால் கடைசியில் அந்த நிலம் பார்க்க எப்படி இருக்கும் என்ற கேள்வியில் போய் விழுந்தேன். ஒன்று மற்றதை அடியோடு ஒழித்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். சமன்பாடுகள் அப்படிச் சொல்வதில்லை. ஒரு செடி தன்னை ஒட்டி நிற்கும் தன் இனத்துக்கு நிழலும் ஈரமும் தரும்; கொஞ்சம் தள்ளி நிற்பவற்றின் தண்ணீரை வேரால் உறிஞ்சிவிடும். கம்பம் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுத் தன் வீட்டு ஆட்களுக்கு மட்டும் இடம் பிடிக்கிறார்களே, அதே புத்தி. இதைக் கணக்காக எழுதிக் கணினியில் ஓடவிட்டால் சிறிது நேரத்தில் திரை முழுக்கத் திட்டுத் திட்டாக, சம இடைவெளி விட்டு, புள்ளிகள் முளைக்கும். யாரும் வைக்காத புள்ளிகள். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

திரையில் வந்தால் போதாது, நிலத்திலும் காட்டு என்றார் என் ஆய்வு நெறியாளர். மதுரைக்காரர். நாங்கள் எல்லோரும் அவரைக் கைடு என்றுதான் சொல்வோம்.

அந்தச் சமயத்தில்தான் பொங்கலுக்குச் சித்தப்பா வீட்டுக்கு வந்திருந்தேன். நான் திருச்சியில் பிறந்து, விடுதிகளில் வளர்ந்தவள். கம்பம் பள்ளத்தாக்கில் சித்தப்பாவின் ஊர் எனக்கு வருடத்தில் இரண்டு நாள் வந்து போகும் இடம், அவ்வளவுதான். இந்தத் தோட்டத்தை அதுவரை பார்த்ததே இல்லை. பண்ணைப்புரம் போகும் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி அறுபது சென்ட். அப்போது தரிசாகக் கிடந்தது. போன் சிக்னல் கிடைக்காமல் மோட்டார் ரூம் மொட்டை மாடியில் ஏறினேன். கீழே பார்த்தேன். வெளிறிய பார்த்தீனியத்துக்கு நடுவே கரும்பச்சையாகக் கோரைத் திட்டுகள், சம இடைவெளி விட்டு, தோட்டம் முழுக்க. என் திரை அப்படியே தரையில் கிடந்தது. நான் போட்ட சத்தத்தில் சித்தி பாம்பு என்று நினைத்துக் கம்போடு ஓடி வந்தார்.

அன்றே சித்தப்பாவிடம் கேட்டேன். நான் படித்து முடிக்கும்வரை இந்த நிலத்தை உழக்கூடாது, களையெடுக்கக்கூடாது, எதுவும் வைக்கக்கூடாது. எத்தனை நாளைக்கு என்று கேட்டார். இரண்டு வருடம் என்றேன். அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக் கசக்கிப் பார்த்துவிட்டு, சரி என்றார். அந்த இரண்டு ஏழானது. ஒவ்வொரு வருடமும் நான் இன்னும் ஒரு வருடம் என்பேன், அவர் சரி என்பார்.

அது எவ்வளவு பெரிய சரி என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் ஒருவரைத் திட்ட வேண்டுமானால் அவருடைய தோட்டத்தில் களை மண்டிக் கிடக்கிறது என்று சொன்னால் போதும். வீட்டில் விளக்கேற்ற ஆளில்லை என்று சொன்ன மாதிரி. ஏழு வருடமும் சித்தப்பா டீக்கடையில் இதைக் கேட்டார். என் மகளின் ஆராய்ச்சிக்கு விட்டிருக்கிறேன் என்று பதில் சொன்னாராம். என்ன ஆராய்ச்சி என்று கேட்டால், கோரை என்பாராம். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்பதில்லை.

எனக்கு வேறு கவலை. சமன்பாட்டில் புள்ளிகள் தேன்கூட்டு அறைகள் போல அறுகோணமாக அடுக்கப்பட்டு வரும். தோட்டத்தில் சதுரமாக இருந்தன. வரிசைக்கு வரிசை, நூல் பிடித்தாற்போல. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே நின்று யோசித்திருப்பார்கள். நான் மூன்றாம் அத்தியாயம் எழுதினேன். மேற்கு மலையிலிருந்து இறங்கும் காற்றை ஒரு குறியீடாக்கிச் சமன்பாட்டில் சேர்த்து, அந்தக் காற்று இருந்தால் அறுகோணம் குலைந்து சதுரமே நிலைக்கும் என்று ஐம்பத்திரண்டு பக்கத்தில் நிரூபித்தேன். நிரூபணத்தில் ஒரு ஓட்டை கிடையாது. இடைவெளி 2.44 மீட்டர் என்று கணக்கு சொன்னது, அளவு நாடாவும் அதையே சொன்னது. அந்த எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

நாடாவின் மறுமுனையைப் பல நாள் சித்தப்பாதான் பிடிப்பார். நான் சொல்லும் முன்பே திட்டின் நட்ட நடுவில் கொண்டுபோய் வைத்துவிடுவார். கைராசி என்று நினைத்துக்கொண்டேன்.

பல்கலைக்கழகம் கடைசி நீட்டிப்பும் கொடுத்து, அதுவும் முடியப் போனது. அந்த மாதத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து, ஏழு வருடமும் குப்பை. கைடு கையெழுத்துப் போட வேண்டும். நிலத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றார். சனிக்கிழமை காலை வருவதாக ஏற்பாடு. நான் வெள்ளிக்கிழமை மத்தியானம் மதுரையிலிருந்து வந்து இறங்கினேன்.

தோட்டம் சுத்தமாக இருந்தது.

கோரை இல்லை, பார்த்தீனியம் இல்லை. மண் கொத்திப் புரட்டி, வரப்பு செதுக்கி, வாசல் மாதிரி இருந்தது. நுழைகிற இடத்தில் சாணி தெளித்து, கோலம் போட்டிருந்தது. கோலத்தில் புள்ளிகள் சம இடைவெளியில்தான் இருந்தன. வாய்க்காலில் ஆறு பெண்கள் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். சித்தி பாராட்டுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் கத்தவில்லை. வரப்பில் உட்கார்ந்து அழுதேன். சித்திக்கு முதலில் விளங்கவே இல்லை.

“அம்புட்டுப் பெரிய மனுசர் வாராக. களை மண்டிக் கெடக்குற தோட்டத்தையாத்தா காட்டுறது? நம்ம குடும்பத்தை என்னன்னு நெனைப்பாக?”

அந்தக் களைதான் என் பரீட்சை என்று அழுகைக்கு நடுவே சொன்னேன். சித்தி நேரே வாய்க்காலுக்குப் போய் அந்த ஆறு பேரையும் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தார். பிடுங்கிய களை ஓரமாக அம்பாரமாய்க் கிடந்தது, வாடவில்லை. அதைத் திரும்ப நட வேண்டும் என்றார். ஆட்களைக் கூட்டி வரும் அக்கா, எதை நடச் சொல்கிறீர்கள் என்று இரண்டு தடவை கேட்டார். கோரையை என்றார் சித்தி. ஆறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். நடவு என்று வந்துவிட்டால் அவர்களுக்கு எல்லாம் நடவுதான்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திட்டுகளின் வரைபடத்தை அந்த அக்காவிடம் நீட்டினேன். கலர் பிரிண்ட். இப்படித் திருப்பிப் பார்த்தார், அப்படித் திருப்பிப் பார்த்தார். மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார்.

“இதுக்கு எதுக்குத்தா படம்? அந்தக் கயித்தைக் கொண்டாரச் சொல்லு.”

காலையிலேயே கம்பத்துக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்த சித்தப்பா மோட்டார் ரூமுக்குள் போய்ச் சுவரிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து வந்தார். நீளக் கயிறு. சம தூரத்துக்கு ஒரு முடிச்சு, ஒவ்வொரு முடிச்சிலும் சிவப்புத் துணி. ஏழு வருடமாக என் பையை மாட்டிய ஆணியில்தான் அது தொங்கியது. நான் கயிற்றின் மேலேயே பையை மாட்டுவேன். இரண்டு பெண்கள் அதைத் தோட்டத்தின் குறுக்கே இழுத்துப் பிடித்தார்கள். ஒவ்வொரு சிவப்புத் துணியும் கோரைத் திட்டு இருந்த தடத்தின் நடுவில் போய் உட்கார்ந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

இது என்ன கயிறு என்று கேட்டேன்.

கொடி வைக்கக் குழி எடுத்த கயிறு என்றார் சித்தப்பா. அங்கே முன்பு பன்னீர் திராட்சைப் பந்தல் இருந்ததாம். எட்டடிக்கு எட்டடி குழி, குழி நிறையத் தொழுவுரம். நான் கல்லூரியில் படித்த காலத்தில் நோய் விழுந்து கொடியைப் பிடுங்கிப் பந்தலையும் பிரித்துவிட்டார்களாம். பொலபொலவென்ற மண்ணும் பழைய உரமும் ஈரமும் குழியில்தானே இருக்கும். கோரை அங்கேதானே வரும். அந்த ஆறு பெண்களில் நாலு பேர் அந்தப் பந்தலில் பழம் வெட்டியவர்கள். பள்ளத்தாக்கில் என்னைத் தவிர எல்லோருக்கும் இது தெரியும்.

தேவையே இல்லாமல் போனை எடுத்து எட்டடியை மீட்டராக்கிப் பார்த்தேன். 2.4384.

ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். சித்தப்பா உண்மையாகவே திகைத்துப் போனார்.

“நீ குழிக்குக் குழிதானத்தா அளந்த. தெரிஞ்சுதான் அளக்குறேன்னு இருந்தேன்.”

பொழுது சாய்வதற்குள் நட்டு முடித்து, தண்ணீரும் பாய்ச்சிவிட்டார்கள். நடவு அருமையாக இருந்தது. கோரைக்கு இவ்வளவு மரியாதை உலகத்தில் வேறு எங்கும் நடந்திருக்காது.

சனிக்கிழமை கைடு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலி, இளநீர், சித்தியின் வணக்கம். மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தவர் வெகு நேரம் இறங்கவே இல்லை. பிறகு தன் சொந்த நாடாவை எடுத்து அளந்தார். 2.44. இன்னொரு இடம். 2.44. முப்பது வருட ஆசிரியப் பணியில் கணக்கும் நிலமும் இப்படிப் பொருந்தி நான் பார்த்ததில்லை என்று சித்தப்பாவிடம் சொன்னார். படிவத்தை எடுத்து நாற்காலிக் கையில் வைத்து, பேனாவைத் திறந்தார்.

நான் பேசாமல் இருந்தால் போதும். பேசாமல் இருக்கத்தான் முடிவு செய்திருந்தேன். தற்செயலாகச் சித்தப்பாவைப் பார்த்தேன். ஆணியில் திரும்ப மாட்டுவதற்காகக் கையில் சுருட்டி வைத்திருந்த கயிற்றை மெதுவாக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தார். பிழைபட்ட எடைக்கல்லை ஒரு நாள்கூட வைத்திராத மனுஷன். எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குழி, களையெடுப்பு, கயிறு, நேற்றைய நடவு.

கைடு பேனாவை மூடினார். குனிந்து ஒரு கோரையை இழுத்தார். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. மிச்ச இளநீரைக் குடித்து முடித்தார். என் ஏழு வருடமும் அந்த இளநீரோடு இறங்குகிற மாதிரி இருந்தது. பிறகு சித்தப்பாவிடம் திரும்பி, இங்கே மேற்கிலிருந்து காற்று வீசும்தானே என்று கேட்டார். மூன்றாம் அத்தியாயத்தைக் காப்பாற்ற அவர் செய்த கடைசி முயற்சி அது.

“வீசும் சார். ஆனா குழி நான்தான் எடுத்தேன்.”

கைடு சிரிக்க ஆரம்பித்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைசியில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, நிரூபணம் சரியாகத்தான் இருக்கிறது, அது இந்த நிலத்தைப் பற்றியது இல்லை, அவ்வளவுதான் என்றார். நிலத்தைப் பற்றிய அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டும். களத்தில் இன்னும் சோதிக்கப்படவில்லை என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுதுகிறேன் என்றேன். கையெழுத்துப் போட்டார்.

ஆறு மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு. சித்தப்பாவும் சித்தியும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், இந்தச் சதுர அமைப்பை இயற்கையில் எங்காவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். ஒரே ஒரு தடவை பார்த்தேன், எங்கள் சித்தப்பா குழி தோண்டிய இடத்தில் என்றேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

முடிவில் பொதுமக்கள் கேள்வி கேட்கலாம் என்று ஒரு சடங்கு உண்டு. யாரும் கேட்பதில்லை. எல்லோரும் மிக்சர் தட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அன்றைக்குச் சித்தப்பா கையைத் தூக்கினார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

“இனிமே கொடி வச்சுக்கிறலாமாத்தா?”

ஏழு வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட இரண்டாவது கேள்வி அது. தேர்வுக்கு நாற்பது கேள்விகளுக்குப் பதில் தயாரித்து வைத்திருந்தேன். இது அவற்றில் இல்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

பொதுமக்களிடமிருந்து ஒரு கேள்வி எழுப்பப்பட்டது, ஆய்வாளர் நிறைவான பதில் அளித்தார் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள்.