கிணறு கிணறாக வல்வெட்டித்துறைக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து நிலாவரைக்கும் வல்வெட்டித்துறைக்கும் சைக்கிளில் போகலாமா என்று கேட்டுச் சிலர் எழுதியிருந்தார்கள். தாராளமாகப் போகலாம். வீதி இப்போது நன்றாக இருக்கிறது. கோப்பாய், நீர்வேலி, புத்தூர், அச்சுவேலி, வல்லை, உடுப்பிட்டி என்று போனால் ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். குருநகரில் இருந்து புறப்பட்டால் இன்னும் கொஞ்சம் கூடும். ஆனால் இந்த வழியைப் பற்றி நான் எழுதுவதென்றால் 1993 பங்குனியில் போன பயணத்தைத்தான் எழுத வேண்டும். என்னுடைய கால்களுக்கு அந்தப் பாதை அப்படித்தான் தெரியும்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. மருத்துவம் படிப்பிக்கும் ஒரு பேராசிரியரின் ஆய்வில் உதவியாளராக இருந்தேன். இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த முகாம்களில் வயிற்றோட்டமும் நெருப்புக்காய்ச்சல் என்கிற தைபோயிட்டும் விடாமல் இருந்தன. எந்தக் கிணற்றில் கிருமி, எந்தக் கிணற்றில் தோட்டத்து உரம் ஊறியிருக்கிறது, எது உவர் என்று பார்ப்பது எங்கள் வேலை. என் கணவர் சிவநேசனும் அதே ஆய்வில்தான் இருந்தார், இரசாயனம் படித்தவர். போர் நடந்ததால் தெற்கிலிருந்து யூரியா உரம் வருவதை அரசாங்கம் தடுத்திருந்த காலம் அது. உரம் போடாமல் விட்டால் நிலத்தடி நீர் தேறுமா என்று அவருக்குப் பெரிய ஆவல். இந்தச் சண்டையில் எங்களுக்குக் கிடைக்கப்போகிற ஒரே நல்ல பதில் அதுவாக இருக்கட்டுமே என்பார்.

அந்தப் பதிலைக் கண்டுபிடிக்கவும் மருந்துகள் வேண்டும். சோதனைக்கான இரசாயனங்கள் முடிந்துபோனபோது, முந்தின ஐப்பசியில், அவற்றை வாங்கிவரக் கிளாலிக் கடலேரியைத் தாண்டிக் கொழும்புக்குப் போனார். இரண்டு கிழமையில் வந்துவிடுவதாகச் சொன்னார். கார்த்திகை போனது, மார்கழி போனது. தையில் எனக்குப் பொங்கவே மனம் வரவில்லை. வாசலில் யாராவது சைக்கிள் மணி அடித்தால் எழும்பி ஓடுவேன். அவருடைய சைக்கிளில் மணியே இல்லை என்பது வாசலுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வரும்.

நான் வாடகைக்கு இருந்தது குருநகரில், றெஜினா அக்கா வீட்டில். அவர் முகாம்களுக்குப் போய் வரும் மருத்துவத் தாதி. மீன் பிடிக்கிற குடும்பம். கடலுக்குப் போகத் தடை என்பதால் வலைகள் உள்ளே சுருண்டு கிடந்தன. கருவாடு விற்க வந்த பெண்களிடமிருந்து அவர்தான் அந்தச் செய்தியைக் கேட்டு வந்தார். கொழும்பிலிருந்து திரும்பி வந்த வல்வெட்டித்துறை வியாபாரி ஒருவர், லொட்ஜில் சிவநேசன் என்ற ஒருவரோடு ஒரே அறையில் இருந்தாராம்.

வல்வெட்டித்துறை இருக்கும் வடமராட்சிப் பக்கத்துக் கிணறுகளில், மருந்து வந்த பிறகு சோதிப்பதற்காக மாதிரி எடுத்து வைக்கும் வேலை எப்படியும் மிச்சம் இருந்தது. வழியில் நீர்வேலி முகாமையும் பார்க்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் ஒரு பயணமாக்கினோம்.

காலை ஆறு மணிக்கு நானும் றெஜினா அக்காவும் புறப்பட்டோம். என் சைக்கிளின் பின்கரியரில் வைக்கோல் அடைத்த பெட்டி, அதற்குள் கொதிக்க வைத்துக் கழுவிய போத்தல்கள். பஸ் ஏதும் ஓடினால் மண்ணெண்ணெயில்தான் ஓடும், அதுவும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சைக்கிள்தான் நம்பிக்கை. வானம் துப்புரவாக நீலமாக இருந்தது. இப்போது அந்த வழியால் போகிறவர்கள் அப்படியொரு வானத்தைப் படம் எடுப்பீர்கள். நாங்கள் அதைப் பார்த்து, இன்றைக்குக் குண்டு போடப் பிளேன் வரும் என்று பேசிக்கொண்டு மிதித்தோம்.

கோப்பாய் தாண்டியதும் மண் சிவக்கத் தொடங்கும். நீர்வேலியில் வீதிக்கு இரண்டு பக்கமும் வாழைத் தோட்டம். முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தது. பெரும்பாலும் தெல்லிப்பழைப் பக்கத்து விவசாயக் குடும்பங்கள். நல்ல கிணறும் நல்ல மண்ணும் வைத்திருந்தவர்கள், அங்கே ஒரு வகுப்பறைக்கு நான்கு குடும்பமாக இருந்தார்கள். அவர்கள் குடிக்கும் கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கண்ணாடி போலத்தான் இருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது சேலை கட்டி மறைத்த மலசலகூடக் குழிகள் தெரிந்தன. ஆட்கள் கூடக் கூட, இருந்த இடத்தில் வெட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். கடைசிக் குழி கிணற்றுக்கு மிகக் கிட்ட இருந்தது.

போத்தலில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தபோது பூமணி என்றொரு தாய் பக்கத்தில் வந்து நின்றார். அவருடைய சின்ன மகள் வயிற்றோட்டத்தோடு வைத்தியசாலையில் இருந்தாள். அவளுக்கு முன்பு அதே வகுப்பறையில் இன்னொரு பிள்ளை செத்திருந்தது. நான் வழக்கம்போல முடிவு வரச் சில நாள் செல்லும் என்று தொடங்கினேன்.

"பிள்ளை, உந்தத் தண்ணியைக் குடிக்கலாமோ, குடிக்கக்கூடாதோ? அதை மட்டும் சொல்லுங்கோ" என்றார்.

சோதிப்பதற்கு மருந்து என்னிடம் இல்லை. மருந்து வாங்கப் போனவரும் இல்லை. ஆய்வில் இருப்பவர் ஆதாரம் இல்லாமல் வாய் திறக்கக்கூடாது என்று படித்திருந்தேன். ஆனால் அந்தக் குழியையும் கிணற்றையும் ஒருசேரப் பார்த்துவிட்டு அந்தத் தாயிடம் பொறுத்திருங்கள் என்று சொல்ல என்னால் முடியவில்லை. குடிக்க வேண்டாம் என்றேன்.

அப்படியென்றால் எதைக் குடிப்பது? கொதிக்க வைக்க விறகில்லை. கிட்ட இருந்த நல்ல கிணறு ஒரு தோட்டக்காரருடையது. நானும் றெஜினா அக்காவும் போய்க் கேட்டோம். அறுபது வயதிருக்கும், மரியாதையான மனிதர், இளநீர் வெட்டித் தந்தார். குடிக்கத் தண்ணீர் இல்லையென்று சொல்லமாட்டேன், ஆனால் முகாமில் எல்லாவகை ஆட்களும் இருக்கிறார்கள், துலாக்கயிற்றில் யாரும் கை வைக்கக்கூடாது, தன் வீட்டு ஆட்கள் அள்ளி ஊற்றுவார்கள் என்றார். அத்தனை குடும்பத்துக்கும் நாள் முழுக்க அள்ளி ஊற்ற அவர் வீட்டில் ஆட்கள் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஐயா, இது சுண்ணாம்புக்கல்லுப் பூமி. கல்லுக்குள்ளை முழுக்க ஓட்டை. உங்கடை கிணத்துத் தண்ணியும் அவையின்ரை கிணத்துத் தண்ணியும் மேலைதான் ரெண்டு. கீழை ஒண்டு."

அவர் தன் கிணற்றை எட்டிப் பார்த்தார். பிறகு, "என்ரை பேரப்பிள்ளையளும் இதைத்தான் குடிக்குதுகள்" என்றார். அந்தக் குழிகளைத் தூர்த்துவிட்டுத் தள்ளி வெட்டினால் இந்தக் கிணறாவது தப்பும் என்று றெஜினா அக்கா சொன்னார். வெட்டுவதற்குத் தன் காணியின் கடைசி மூலையையும் இரண்டு ஆட்களையும் தருவதாக அவரே ஒப்புக்கொண்டார். கயிற்றைப் பற்றி அதன் பிறகு அவர் எதுவும் சொல்லவில்லை. நாங்கள் வெளிக்கிடும்போது பூமணி இரண்டு குடத்தோடு அவருடைய படலையைத் திறந்துகொண்டு போவதைக் கண்டேன்.

புத்தூர்ச் சந்தியில் இடது பக்கம் திரும்பினால் கொஞ்சத் தூரத்தில் நிலாவரைக் கிணறு. அடி காணாத கிணறு என்பார்கள். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும். அதன் சுற்றுக்கட்டில் இருந்து புட்டும் சம்பலும் சாப்பிடப் பிரித்தோம். முந்தின வருடம் சிவநேசனோடு வந்து, கயிற்றில் போத்தல் கட்டி வெவ்வேறு ஆழத்தில் தண்ணீர் எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு போத்தலிலும் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். இதற்கு ஏன் சோதனை, உங்கள் நாக்கையே பேராசிரியரிடம் அனுப்பலாமே என்று நான் சிரித்தேன். அன்றைக்கு அந்தக் கட்டில் இருந்தபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. றெஜினா அக்கா என் பங்கைத் திரும்பச் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

அச்சுவேலி தாண்டினால் வல்லைவெளி. மரமே இல்லாத உவர் நிலம், நடுவில் வீதி மட்டும். பாதி வழியில் இராணுவ ஹெலிகொப்ரரின் சத்தம் கேட்டது. சைக்கிள்களை அப்படியே போட்டுவிட்டு ஒரு மதகின் கீழ் இறங்கிச் சேற்றில் குந்தினோம். றெஜினா அக்கா செபமாலையை உருட்டினார். எனக்கு ஒரே ஒரு நினைவுதான் இருந்தது. இவ்வளவு கிட்ட வந்துவிட்டேன், அவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் போய்விடக் கூடாது. ஹெலி இரண்டு முறை வட்டமிட்டுக் கடல் பக்கமாகப் போனது. எழும்பிப் பார்த்தால் என் பெட்டியில் நான்கு போத்தல்கள் உடைந்திருந்தன.

வல்வெட்டித்துறைக்குப் போய்ச் சேரப் பின்னேரம் மூன்று மணியாகிவிட்டது. அந்த வியாபாரி, குமாரசாமி அண்ணையின் வீடு கடற்கரை வீதிக்குப் பின்னால் இருந்தது. சேற்றுச் சேலையோடு வாசலில் நின்ற என்னைப் பார்த்ததும் யாரென்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"உங்கடை மனிசன் உயிரோடை இருக்கிறார், பிள்ளை. முதல் இதைக் கேட்டுப்போட்டு இருங்கோ."

இருந்தேன். மற்றதெல்லாவற்றையும் ஆறுதலாகச் சொன்னார். ஒரு விடியற்காலை லொட்ஜைச் சுற்றி வளைத்து வடக்கிலிருந்து வந்தவர்கள் எல்லாரையும் பொலிசுக்குக் கொண்டுபோனார்களாம். சிவநேசனின் பையில் சின்னச் சின்னப் போத்தல்கள், எல்லாவற்றிலும் இரசாயனப் பெயர்கள். தண்ணீர் சோதிக்கத்தான் என்று அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினாராம். விளங்கப்படுத்த விளங்கப்படுத்த அவர்களுக்குச் சந்தேகம் கூடியது. குமாரசாமி அண்ணையை உறவினர் ஒருவர் வந்து கையெழுத்து வைத்து எடுத்துவிட்டார். சிவநேசனை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். எங்கே என்று அவருக்குத் தெரியாது. அடித்தார்களா என்று கேட்டேன். அண்ணை கடல் பக்கம் திரும்பி, ஆள் நடந்துதான் போனார் என்றார்.

"எனக்கு ஏதும் சொல்லச் சொன்னவரோ?"

"ஓம். கொதிச்சாறின தண்ணி குடிக்கச் சொன்னவர். மறக்காமல் சொல்லுங்கோ எண்டு வாகனத்திலை ஏறேக்கையும் சொன்னவர்."

எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. பிறகு நெடுநேரம் நிறுத்த முடியாமல் அழுதேன். அண்ணையின் மனைவி பனங்கட்டித் துண்டோடு தேநீர் கொண்டுவந்து என் கையில் வைத்து, கையையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அன்றிரவு அங்கே தங்கிவிட்டு, மிஞ்சிய போத்தல்களில் மறுநாள் காலை தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

பேராசிரியர் தெரிந்த எல்லாருக்கும் எழுதினார். அடுத்த வருடம் சிவநேசனை விட்டார்கள். நானும் ஊரைவிட்டு வெளியேற அனுமதி எடுத்துக் கடலேரி தாண்டிக் கொழும்பில் அவரிடம் போய்ச் சேர்ந்தேன். ஆள் பாதியாக இருந்தார். யூரியா நின்றால் கிணறுகள் தேறுமா என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கவே இல்லை. மாதிரிகளெல்லாம் தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது போய்விட்டன. நீர்வேலி முகாமில் இருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடிவருவது குறைந்துவிட்டது என்று றெஜினா அக்கா சொல்லி அனுப்பியிருந்தார். கிணறு மாறியதுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. பூமணியின் மகள் பிழைத்துவிட்டாள் என்பது மட்டும் தெரியும்.

நாங்கள் இப்போது ஒஸ்லோவில் இருக்கிறோம். ஊருக்கு நான் நான்கு முறை போய் வந்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அவருக்கும் சேர்த்து விமான ரிக்கற் பார்ப்பேன். அடுத்த வருடம் பார்ப்போம் என்பார். பையைத் திறந்து காட்டச் சொல்லும் எந்த இடத்துக்கும் அவரால் போக முடியவில்லை. போன ஆடியில் தனியாக இதே வழியில் மிதித்தேன். மாலையில் தொலைபேசியில் அவரை எடுத்தபோது நீர்வேலித் தண்ணீர் என்ன ருசி என்று கேட்டார். இனிப்பு என்றேன்.

போகிறவர்களுக்குச் சில விடயங்கள். மாசி, பங்குனியில் போங்கள், வெயில் பொறுக்கலாம். விடிய ஆறு மணிக்கே மிதிக்கத் தொடங்குங்கள். நிலாவரையில் இறங்கிக் குளிக்க வேண்டாம், பார்ப்பதோடு நிற்கட்டும். கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அந்த வீட்டாரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். வல்லைவெளியில் நிழலும் இல்லை, கடையும் இல்லை. பத்து மணிக்குப் பிறகு எதிர்காற்றுப் பிடிக்கும், தனி ஆளுக்கு அது பெரிய பாடு. ஒருவர் முன்னால் மிதித்தால் பின்னால் வருபவருக்குக் காற்றுக் குறையும். அதனால் முடிந்தால் இரண்டு பேராகப் போங்கள். உங்களோடு வரக்கூடியவர் வீட்டில் இருக்கிறார் என்றால், அவரை எப்படியாவது கூட்டிக்கொண்டு போங்கள்.