என் சாப்பாட்டுப் பை போன இடம்

வேலை பார்க்கும் பட்டுக்கடையின் பையில்தான் தினமும் மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு போவேன். இனிமேல் மாட்டேன்.

இன்று ஒரு மணிக்குச் சாப்பிடலாம் என்று பையைப் பிரித்தால், உள்ளே அரக்கு நிற முகூர்த்தப் புடவை!

காலையில் கூட்டத்தில் பையை மாற்றிக் கொடுத்தது நானேதான். பில்லில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். கல்யாணப் பெண்ணின் அம்மா எடுத்தார்.

"பை மாறிடுச்சிம்மா. பிரிச்சிட்டீங்களா?"

"அத்த ஏன் கேக்குற? சாமி படத்தாண்ட வெச்சி, கற்பூரம் காட்டி, சம்பந்தி வூட்டுக்காரங்க பாத்துக்கினு இருக்கசொல்லோ பிரிச்சோம். நெத்திலிக் கருவாட்டுக் கொயம்பு!"

புடவையை ஆள் மூலம் மாகறலில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். என் டப்பா இன்னும் அங்கேதான் இருக்கிறது.

சாமி முன்னால் வைத்தாலும் மானம் போகாத குழம்பு ஒன்று சொல்லுங்களேன். நாளைக்கும் சாப்பாடு கட்டியாக வேண்டும்.