பசையில் கலந்த மயில்துத்தம்

இன்று சிவகாசி பஜாரில் கவர் ஒட்டப் பசை வாங்கினேன். "பிள்ளைக வாயில வச்சாலும் ஒண்ணும் செய்யாதும்மா," என்றார் கடைக்காரர். எண்பதைத் தாண்டிய நான் உடனே நீலம் தெரிகிறதா என்று உற்றுப் பார்த்தேன்.

அறுபதுகளில் நான் இங்கே நர்ஸ். பக்கத்து விஸ்வநத்தத்திலிருந்து ஒருத்தி, நீலநிறமாய் வாந்தியெடுத்த மகனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் தீப்பெட்டிக்கூடு ஒட்ட வைத்திருந்த மைதாப் பசையை அவன் பசியில் தின்றிருந்தான். பிழைத்துக்கொண்டான்.

"பசையில மயில்துத்தம் கலந்திருக்கே, அது விஷமில்லையா?" என்று கேட்டேன்.

"எலி திங்காம இருக்கக் கலந்ததுன்னு தீப்பெட்டிக் கம்பெனியில சொன்னாக, சிஸ்டர்."

"வீட்டுல எலி அம்புட்டு இருக்கா?"

"திங்க ஒண்ணுமில்லாத வீட்டுக்கு எலி எதுக்கு வரும்?"

அப்படியானால் அந்தத் துத்தம் யாருக்காக? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், எலிகளைக் கேட்க முடியாது.