வயிற்றுவலி என்று போட்டிருந்தது

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் காலையில் பேப்பர் முதலில் என் கைக்குத்தான் வர வேண்டும். இந்த வீட்டில் அதற்கு மறுபேச்சு கிடையாது. "பொழுதுக்கும் ஒரு பக்கத்தையே வச்சிருக்கீகளேம்மா, பரீச்சையா எழுதப் போறீக?" என்று மகள் கேலி பண்ணுவாள். "எழுதுனா ஒன்னயவிட நல்லாத்தான் எழுதுவேன், போடி" என்பேன்.

போன வாரம் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'ஆணவக்கொலை' என்று போட்டிருந்தான். வேறு சாதிப் பையனை விரும்பிய பெண்ணை வீட்டு ஆட்களே கொன்றுவிட்டார்கள். கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் வரைக்கும் இதையே 'கௌரவக்கொலை' என்று போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போது கோபமாக வரும். கௌரவம் எங்கள் வீட்டில் புழங்குகிற சொல். அதை எதற்கு இதில் கொண்டுவந்து ஒட்டுகிறான்? அதற்கும் முன்னால் 'குடும்பத் தகராறு'. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது 'வயிற்றுவலி'. அந்தச் சொல்லை வாய்விட்டுப் படித்தவள் நான்.

அமராவதிபுதூருக்குப் பக்கத்தில் எங்களுக்கு நிலபுலம். அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு தங்கை, என் அத்தை. எனக்கு ரெட்டைச் சடை பின்னிவிடுவது அவள்தான். வலிக்கிறது என்றால், "அழகு வேணுமா, வலிக்காம இருக்கணுமா? ஒண்ணச் சொல்லு" என்பாள்.

கண்மாய்க்கு அங்குட்டு இருக்கிற தெருவில் பிறந்து, படித்து, வாத்தியாரானவர் ஒருவர் இருந்தார். திருக்கோஷ்டியூர் தெப்பத்துக்குப் போன இடத்தில் அத்தையையும் அவரையும் சேர்த்து யாரோ பார்த்துவிட்டார்கள். அந்தத் தெரு ஆட்களுக்குப் பேப்பரில் அப்போது ஒரு பேர்; பிறகு ஒரு பேர்; இப்போது வேறொரு பேர். எங்கள் ஆட்களுக்கு மட்டும் அன்றைக்கும் பேர் போட்டதில்லை. இன்றைக்கும் 'மாற்றுச் சமூகத்தினர்' என்பதோடு சரி.

அத்தையை நெல் போட்டு வைக்கிற அறையில் வைத்துப் பூட்டினார்கள். வாத்தியார் ஊரைவிட்டே போய்விட்டதாகப் பேச்சு. அத்தை எங்கே என்று கேட்டேன். "அத்தைக்கு வயித்துவலி. அங்குட்டுப் போயி நிக்காத" என்றாள் அம்மா. வீட்டுக்கு வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னார்கள்.

வயிற்றுவலிக்கு எனக்கு வைத்தியம் தெரியும். அடுப்படியில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு டம்ளர் ஓமத்தண்ணியை எடுத்துக்கொண்டு போய், நெல்லறை ஜன்னலில் நீட்டினேன்.

"என்னடி இது?"

"ஓமத்தண்ணி அத்தை. ஒங்களுக்கு வயித்துவலியாமே."

"எனக்கா? யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்றாக. பெரியப்பா கடைத்தெருவுலயும் சொல்லிருக்காக. தீராத வலியாம்."

அத்தை டம்ளரை வாங்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, "ஓடு. அப்பாகிட்டப் போயி, எனக்கு வயித்துவலி இல்லைன்னு சொல்லு. அவரை நான் கட்டலையாம், நீங்க கைகாட்டுறவனக் கட்டிக்கிறேனாம்னு சொல்லு. வயித்துவலி மட்டும் வேணாம்னு சொல்லுடி தங்கம்" என்றாள்.

ஓடினேன். அப்பாவும் பெரியப்பாவும் முன்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். அப்பா எழுந்திருக்கப் பார்த்தார். பெரியப்பா அவர் தோளில் கையை வைத்தார். அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"வலி முத்திப்போச்சு. பெனாத்துது" என்றார் பெரியப்பா.

அன்று சாயங்காலம் ஒரு வண்டி விறகு வந்து கொல்லையில் இறங்கியது. "என்ன விசேஷம்மா?" என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலையில் அத்தை இல்லை. போலீஸ்காரர் வந்தார், காபி குடித்தார், போனார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் வீடு நிறைய உட்கார்ந்திருந்த ஒரு நாளில் பேப்பரில் சேதி வந்தது. பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, "படி தாயி, எல்லாருக்கும் கேக்கட்டும்" என்றார். நம் வீட்டுச் சேதி பேப்பரில் வந்திருக்கிறது. அதைப் படிக்கக் கிடைத்தது எனக்கு! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். 'தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்த இளம்பெண் தற்கொலை'. 'ற்று' என்ற இடத்தில் தடுக்கியது. கூட்டிச் சரியாகவே படித்துவிட்டேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். "புள்ள எழுத்துப் பிசகாமப் படிக்குது" என்றார் பெரியப்பா. அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போனார்.

இப்போதெல்லாம் முதல் பக்கத்தில் 'ஆணவக்கொலை' என்று தைரியமாகத்தான் போடுகிறான். உள்பக்கத்து மூலையில் சின்ன எழுத்தில் வயிற்றுவலியும் அவ்வப்போது வரத்தான் செய்கிறது. மகள் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போவாள். நான் அங்கேதான் நின்றுவிடுவேன்.

அத்தை போன அடுத்த கோடையில், மாங்காயை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு வயிறு முட்டத் தின்றுவிட்டேன். மத்தியானம் சுருட்டிப் பிடித்தது. பெரியப்பா ஆட்களோடு பேசிக்கொண்டிருந்த முற்றத்திலேயே, "அம்மா, வயித்துவலி!" என்று கத்திவிட்டேன். பேச்சு நின்றது. அம்மா எங்கிருந்து வந்தாளோ, என் வாயைப் பொத்தி அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். அதுவரை என்னைக் கைநீட்டித் தொடாதவள், முதுகில் அறைந்த அறையில் எனக்கு மூச்சடைத்தது.

"காய்ச்சல்னு சொல்லு, தலைவலின்னு சொல்லு. வயித்துவலின்னு இந்த வீட்டுல ஒன் வாயில வரக்கூடாது. வருமா? இனி வருமா?"

வராது, வராது என்று அழுதேன். அடித்த கையாலேயே என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். நாலு மாங்காய்க்கு இந்த அடியா என்று நினைத்துக்கொண்டேன்.