மகள் பால் மறந்த நான்கு நாட்கள்

என் மூத்த மகள் பிறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. அதுவரை நன்றாகக் குடித்துக்கொண்டிருந்தவள், ஒரு காலையில் மார்பில் வாய் வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டாள். பசியில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். மதியமும் அப்படியே. சாயங்காலத்துக்குள் மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. ரவிக்கை நனைந்து வடிந்தது. அவளோ பக்கத்தில் கொண்டுபோனாலே முதுகை வளைத்து அழுதாள்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. மாமல்லபுரத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் கோவளம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்தார். வாரம் ஒருமுறைதான் வருவார். என் அம்மா நான் சிறுமியாக இருக்கும்போதே போய்விட்டாள். பிரசவத்துக்குத் துணையாக வந்திருந்தது வீட்டுக்காரரின் அக்காதான்.

இரண்டாம் நாள் நாத்தனார் என் பாலைக் கிண்ணத்தில் பீய்ச்சச் சொன்னார். சுவரோரம் போன ஓர் எறும்பைப் பிடித்து அதில் போட்டார். அது காலை உதறியது, ஒரு சுற்றுச் சுற்றியது, பிறகு அசையவில்லை.

"பாத்தியா, பால் கெட்டுக் கீது. அதான் கொயந்த வாய வைக்க மாட்டேங்குது. இனிமே குடுக்காத."

நான் அதை நம்பினேன். என் உடம்பில் விஷம் ஊறுகிறது என்று நினைத்து, பிள்ளையைத் தூக்கவே பயந்தேன். நாத்தனார் சர்க்கரைத் தண்ணீரைத் துணியில் நனைத்து அவள் வாயில் பிழிந்தார். பாதி வெளியே வழிந்தது. மூன்றாம் நாள் மதியத்துக்கு மேல் அவளுடைய துணி நனையவேயில்லை. உச்சிக்குழி பள்ளம் விழுந்து தெரிந்தது. அழுகையும் நின்றுவிட்டது. அவள் அழுதபோதுகூட எனக்கு அவ்வளவு பயமில்லை.

நாலாம் நாள் விடிந்ததும் பிள்ளையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடினேன். துணி வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டு அக்காவுக்கு ஏழு மாதத்தில் கைக்குழந்தை இருந்தது.

"என் பால் விஷமாம், அக்கா. நீங்க குடுங்க."

அக்கா உடனே வாங்கி மார்பில் வைத்துக்கொண்டார். மகள் ஒருமுறை உறிஞ்சினாள். முகத்தைச் சுளித்து விட்டுவிட்டாள். இனி யாரிடம் போவேன்?

"என் பாலயும்தான் வேணாங்குது. அப்ப பால்ல ஒண்ணும் இல்ல. வாயிலதான் இன்னாவோ கீது" என்றார் அக்கா. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் தாடையை மெல்ல அழுத்தினார். நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கமும் தயிர் ஏடு படிந்தாற்போல வெள்ளை. துணியால் தொட்டதும் ரத்தம் கசிந்தது.

"அக்கரம், வாய்ப்புண்ணு. வா, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

நாத்தனார் வாசலில் மறித்தார். "பச்ச ஒடம்புக்காரி, எங்க போற?"

"நான் கூடப் போறேன். நீ வூட்டப் பாத்துக்க" என்று அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

பஸ்ஸில் வழி முழுக்க அவள் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டிருந்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் மூச்சே படவில்லை. "அக்கா, போச்சு" என்றேன். அக்கா குனிந்து அவள் நெஞ்சில் காதை வைத்தார். "வருது. ஜன்னல் காத்துல ஒனக்குத் தெரியல." அதற்கப்புறமும் நான் விரலை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா அவள் வாய்க்குள்ளும் என் மார்க்காம்பிலும் ஊதா மருந்தைத் தடவினார். எறும்பு செத்ததைச் சொன்னேன். "பால்ல விஷமெல்லாம் இல்ல. வாய் எரியறதால குடிக்கல. பீய்ச்சி பாலாடையில குடு" என்றார். அங்கேயே பீய்ச்சினேன். பாலாடையின் மூக்கை அவள் வாயோரம் வைத்துச் சாய்த்தேன்; பாதி மடியில் சிந்தியது. முதல் வாய் உள்ளே போனதும் தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்தேன். பக்கத்தில் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் அங்கேயே வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த மறுநாள், நான் பாலாடையை எடுக்கப் போனபோது, என் மார்பை அவளே தேடிக் கவ்வினாள். நாத்தனார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அன்று சாயங்காலம்தான் வீட்டுக்காரர் வந்தார். பிள்ளையின் ஊதா உதட்டைப் பார்த்ததும் வெலவெலத்துப் போய், "இன்னாடி ஆச்சு கொயந்தைக்கு?" என்றார். சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. மகள் மட்டும் விடாமல் குடித்துக்கொண்டிருந்தாள்.