கடைசி ஆளுக்கும் உண்டு

என் அண்ணி சைராகானுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆனால் உலகத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு அவள் சுட்ட ரொட்டியின் ருசி தெரியும். பாதி என்பது கொஞ்சம் கூடுதல்தான். எட்டாம் வகுப்போடு நானும் கணக்கும் பிரிந்துவிட்டோம்.

எங்கள் கோடை மேய்ச்சல் நிலம் அக்-தெக்சே கணவாயின் உச்சியில் இருக்கிறது. சுரங்கம் ஓடிய காலத்தில் லாரிகளுக்காகப் போட்ட சரளைச் சாலை அதன் வழியாகப் போகிறது. சுரங்கத்தை மூடினார்கள். பிறகு ஒரு வெள்ளம் கீழே இருந்த பாலத்தைக் கொண்டுபோனது. அதோடு மோட்டார் சத்தமும் போனது. இப்போது அதில் போவது குதிரை, ஆடு, காற்று. ஆகஸ்டு வந்தால் சைக்கிள்காரர்கள். வண்டியே வராத சாலை வேண்டும் என்று கடல் தாண்டி வருகிறார்கள், பாலம் கேட்டு எங்கள் ஊர் மனு எழுதி ஓய்ந்த அதே சாலைக்கு.

உச்சியில் நின்றால் அந்தச் சாலை முழுவதும் வளைவு வளைவாகக் காலடியில் கிடக்கும். காலையில் புள்ளியாகத் தெரிகிற ஆளுக்கு மதியத்துக்கு மேல்தான் முகம் முளைக்கும். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், இன்னும் பழகவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை.

அண்ணி தாழ்நிலத்துப் பெண். பருத்தி எடுத்து வளர்ந்தவள். கல்யாணமாகி முதல் தடவை இந்த மலையில் லாரி ஏறியபோது சால்வையைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டு, உச்சி வரும்வரை கண்ணைத் திறக்கவில்லையாம். என் அண்ணன் தோலோமுஷ் அதை இன்னும் சொல்லிச் சிரிப்பான். இப்போது ஆண்டுதோறும் நாங்கள் மேலே வரும்போது அவள்தான் வழியெல்லாம் குதிரையிலிருந்து இறங்கி, சரிந்து கிடக்கும் கற்களைக் காலால் உருட்டித் தள்ளிக்கொண்டே வருவாள்.

"வண்டியே வராத ரோட்டுக்கு எதுக்கு அண்ணி இந்தப் பாடு?"

"ரோடு போட்டிருக்கான்ல? போட்டா எவனாவது வருவான்டி."

போன ஆகஸ்டில் புது மாதிரி ஆட்கள் வந்தார்கள். பந்தயமாம். ஒவ்வொருவரும் தனியாக, துணைக்கு ஆளில்லாமல், மலை மலையாகத் தாண்ட வேண்டுமாம். முதலில் வந்தவன் ஒரு நெட்டையன். எங்கள் பக்கத்தில் வாசலைக் கடக்கிறவர் ஒரு துண்டு ரொட்டியாவது வாயில் வைக்காமல் போகக்கூடாது. அண்ணி ரொட்டியை நீட்டினாள். அவன் கையை ஆட்டி மறுத்தான். அவன் கண் மட்டும் ரொட்டியை விட்டு நகரவில்லை.

"என்னவாம் இவனுக்கு? விஷமா வச்சிருக்கேன்?"

சுற்றுலாக்காரர்களிடம் பொறுக்கிய இங்கிலீஷை வைத்து விசாரித்தேன். "பந்தயத்துல ஒரு ஆளுக்கு மட்டும் கெடைக்கிற உதவிய வாங்கக் கூடாதாம் அண்ணி. பின்னாடி வர்ற எல்லாருக்கும் கெடைக்கும்னாத்தான் சாப்பிடலாமாம். இல்லன்னா திருட்டாம்."

அண்ணி கொஞ்சம் யோசித்தாள். பிறகு உள்ளங்கையை ரொட்டியின் மேல் வைத்தாள். "எல்லாருக்கும் உண்டுன்னு சொல்லு. கடைசி ஆளுக்கும்."

"எத்தன பேருன்னு கேக்க வேணாமா?"

"ரொட்டி மேல கை வச்சாச்சு. இனிமே கேட்டு என்ன பண்ண?"

ரொட்டி மேல் கை வைத்துச் சொன்னதை எங்களில் யாரும் திரும்ப வாங்க முடியாது. நெட்டையன் ஒரு முழு ரொட்டியைப் பாலாடையில் தோய்த்துத் தின்றான். இன்னும் எத்தனை பேர் என்று கேட்டதற்கு இரண்டு கை விரல்களையும் விரித்தான், மூடினான், விரித்தான், மூடினான். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அவர்களும் வந்தார்கள். வெயிலில் மூக்குத் தோல் உரிந்தவர்கள், ஆறு தாண்டி இடுப்பு வரை நனைந்தவர்கள். ஒருத்தன் வாயில் ரொட்டியோடு உட்கார்ந்தபடியே தூங்கினான். உப்புத் தயிரை உருட்டிக் காயவைத்த குருத் உருண்டையை மலைநாட்டு மிட்டாய் என்று சொல்லி ஆளுக்கொன்று கொடுத்தேன். கடித்ததும் அந்த முகங்கள் போகிற போக்கைப் பார்ப்பதற்கே விடியற்காலையில் எழுந்தேன். ஒருத்தன் மட்டும் ருசித்துத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டு என் பிழைப்பைக் கெடுத்தான்.

"உன்னக் கட்டிக்கப் போறவன் பாவம்டி," என்றாள் அண்ணி.

"அவனுக்கும் இதே மிட்டாய்தான்."

மாவு மூட்டை இளைத்துக்கொண்டே வந்தது. அண்ணி எங்கள் ரொட்டியை நிறுத்தினாள். மூன்று வேளையும் கறிச்சாறுதான். அண்ணன் ஆற்றமாட்டாமல் கேட்டான்: "என் வீட்டுல எனக்கே ரொட்டி கெடையாதா?"

"நீங்களும் சைக்கிள்ல வாங்க, தர்றேன்."

பிறகு வடக்குப் பக்கம் வானம் ஈயம் பூசிக்கொண்டது. இந்த உயரத்தில் ஆகஸ்டிலும் பனி கொட்டும். பனி விழுந்து இறுகுவதற்குள் ஆடுகளை இறக்க வேண்டும் என்று அண்ணன் கம்பளி போர்த்திய எங்கள் கூடார வீட்டைப் பிரிக்க ஆரம்பித்தான். அப்போது இரண்டு பேர் வந்தார்கள். பின்னால் இன்னும் ஒரே ஒரு ஆள், ரொம்ப மெதுவான ஆள் என்றார்கள்.

"அவன் பந்தயத்த விட்டுட்டுப் போயிருப்பான். நீ மூட்டையக் கட்டு," என்றான் அண்ணன்.

"போனதை இவங்க பாத்தாங்களான்னு கேளுடி."

கேட்டேன். பார்க்கவில்லை.

"அப்ப வந்துக்கிட்டுதான் இருக்கான்."

"பனி மூடிட்டா குதிரையே எறங்காது. ஒருத்தனுக்காக இங்கேயே வெறச்சுச் சாவியா?"

"நான் இப்ப எறங்கினா அந்த நெட்டையன் தின்னது திருட்டாயிடும். அவனுக்குப் பின்னாடி வந்தவங்க தின்னதும்தான். என் ரொட்டியத் தின்னு எத்தன பேரு திருடனாவறது?"

அண்ணன் சின்னத் துணிக்கூடாரம், அடுப்பு, இரண்டு குதிரை, மீதி மாவு, இவற்றை விட்டுவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு இறங்கினான். என்னையும் கிளம்பச் சொன்னான். வயிற்றுவலி என்றேன். வயிற்றுக்கு ஒன்றுமில்லை.

அன்று மாலையே பனி பிடித்துக்கொண்டது. காலையில் சாலையைக் காணவில்லை. நான் என் சிவப்புச் சால்வையைக் கம்பத்தில் கட்டினேன்.

"என்னடி அது?"

"காயப் போட்டிருக்கேன்."

"கொட்டுற பனியிலயா?"

"மெதுவா காயும்."

அண்ணி என் முடிச்சை அவிழ்த்து இன்னும் இறுக்கிக் கட்டினாள். அன்று யாரும் வரவில்லை. வறட்டி தீர்ந்து, பாத்திரம் வைக்கும் மரப்பெட்டியை உடைத்து எரித்தோம்.

மறுநாள் விடியும்போது பனி நின்றிருந்தது. வானம் திறந்தது. மலை மொத்தமும் வெள்ளை. கண்ணால் தாங்க முடியாத வெள்ளை. நின்று பார்த்தோம். அடிவாரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி, அதன் பின்னால் முடி கனத்தில் ஒரு கோடு. பார்க்கப் பார்க்க அந்தக் கோடு ஒரு வளைவு ஏறியது. பிறகு இன்னொன்று. காணாமல் போன சாலையை யாரோ மறுபடியும் வரைந்துகொண்டு வருவதுபோல. வாயைத் திறந்தால் கேலிதான் வரும் எனக்கு. அன்று அதுவும் வரவில்லை. அண்ணி மட்டும் அடுப்படிக்குப் போய், மாவு மூட்டையை உதறி, கடைசி ரொட்டியைத் தட்டினாள்.

மதியத்துக்கு மேல் புள்ளிக்கு முகம் வந்தது. நரைத்த தலை. என் அம்மா வயது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"அவன் அவன்னு பேசிட்டோமேடி," என்றாள் அண்ணி, வாயைப் பொத்திக்கொண்டு.

ரொட்டியை நீட்டினாள். அந்த அம்மா கை நீட்டினார். பிறகு இழுத்துக்கொண்டு என்னிடம் ஏதோ கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"என்னடி கேக்குறாங்க?"

"பின்னாடி வர்றவங்களுக்கும் இது உண்டான்னு கேக்குறாங்க அண்ணி."

அண்ணி சாலையைப் பார்த்தாள். அந்த ஒற்றைக் கோட்டைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. ரொட்டியை மூன்றாகப் பிய்த்தாள்.

"உண்டுன்னு சொல்லு. அவங்களுக்குப் பின்னாடி எறங்கப்போறது நாம ரெண்டு பேரு."

சாப்பிட்டோம். அத்தனை நாள் கழித்து ரொட்டி. அதன் பிறகு இறங்கினோம். எங்கள் குதிரைத் தடத்தில் வந்தால் அதுவும் உதவியாகிவிடுமாம், அந்த அம்மாதான் முன்னால் போனார். பாதி வழியில் பனிக்கு மேல் ஒரு கல் சரிந்து கிடந்தது. அவர் அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். அண்ணி குதிரையிலிருந்து இறங்கி அதை உருட்டித் தள்ளினாள்.

எங்களுக்குப் பின்னால் யாருமே இல்லை. எதுக்கு இந்தப் பாடு என்று இந்தத் தடவை நான் கேட்கவில்லை. அவள் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.